புனையா ஓவியமும் நூல் பிடித்த மனையும்: கட்டடக்கலை வடிவமைப்பில் கைவரைவின் இடம் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

கைவரைவும் (ஸ்கெட்ச்) வரைவேடும் (ஸ்கெட்ச் புக்) கட்டடக் கலைஞரின் சிந்தனை நிகழும் களங்கள் என்னும் கருத்து, 1980களுக்குப் பின் வடிவமைப்பு ஆய்வுகளில் வேரூன்றி, இன்று தமிழகக் கட்டடக்கலைக் கல்வியிலும் பொது உண்மையாகக் கற்பிக்கப்படுகிறது. தமிழ்க் கட்டட மரபில் இத்தகைய ஏடுகள் கிடைக்காமையால், அம்மரபு விதிப்படி இயங்கியது, தேடிப் பார்க்கும் வடிவமைப்பு அதில் இல்லை என்ற முடிவு எளிதாகப் பெறப்படுகிறது. இக்கட்டுரை அம்முடிவை மறுக்கிறது. வரைவும் வரைவேடும் வெவ்வேறானவை என்பதும், தமிழ் மரபில் வரைவு வேலைக்குள்ளேயே கரைந்துவிடுவது என்பதும் இதன் வாதம். நெடுநல்வாடை, ஆயாதிக் கணக்கு, முடிவுறாக் கட்டடங்கள், விருத்தாசலத்தின் பீங்கான் தொழில் ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கைவரைவு, வரைவேடு, தபதி, ஆயாதி, ஒடியோலை, விருத்தாசலம், பீங்கான்.

முன்னுரை

சிதம்பரம் நடராசர் கோயிலின் வடக்குக் கோபுரத்தில் தபதியர் சிலரின் உருவங்கள் பெயர்ப்பொறிப்புடன் செதுக்கப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவர் விருத்தகிரியைச் சேர்ந்த கேசவப்பெருமாள். இன்னொருவர் அவர் மகன் விசுவமுத்து. கிருட்டிணதேவராயர் காலத் திருப்பணியோடு தொடர்புபடுத்தப்படும் கோபுரம் அது. விருத்தகிரி என்பது இன்றைய விருத்தாசலம், தேவாரத்தின் திருமுதுகுன்றம். கோயிற்கட்டடம் எழுப்பியவரின் பெயர் அரிதாகவே தெரியவரும் ஒரு மரபில், ஊரும் பெயரும் உருவமும் சேர்ந்து கிடைத்த அபூர்வமான கலைஞர் இவர். எனினும் அவர் கையால் இழுக்கப்பட்ட ஒரு கோடுகூட நம்மிடம் இல்லை.

இந்த இன்மையை எப்படிப் படிப்பது என்பதே இக்கட்டுரையின் சிக்கல். 13ஆம் நூற்றாண்டு பிரான்சின் வில்லார் த ஒன்னகூர் ஒரு கட்டடம்கூடக் கட்டியதாக உறுதிப்படவில்லை. ஆனால் அவரது வரைவேட்டின் 33 தோல் இதழ்கள் எஞ்சியமையால், இடைக்காலக் கட்டடச் சிந்தனையின் சான்றாளராக அவரே எங்கும் பேசப்படுகிறார். கேசவப்பெருமாளுக்குக் கோபுரம் இருக்கிறது, ஏடு இல்லை. ஏட்டை வைத்தே சிந்தனையை அளக்கும் ஆய்வுமுறையில் வில்லார் சிந்தித்தவர் ஆகிறார். கேசவப்பெருமாள் செய்து முடித்தவர் மட்டுமே ஆகிறார்.

தாள் பேசும் என்னும் கருத்து

டொனால்டு ஷோன் 1983இல் வெளியிட்ட ‘தி ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஷனர்’ என்னும் நூல் இத்துறையின் திருப்புமுனை. அதில் குவிஸ்ட் என்னும் ஆசிரியரும் பெட்ரா என்னும் மாணவியும் வருகின்றனர். சரிவான நிலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை வடிவமைக்கும் பெட்ரா, ஆறு வகுப்பறைகளைத் தனித்தனியே வைத்துப் பார்த்து, அவை அளவில் சிறுத்துப் போவதைக் கண்டு, இரண்டிரண்டாக இணைத்து ‘எல்’ வடிவம் மூன்றாக மாற்றுகிறாள். பின்னும் சிக்குகிறாள். குவிஸ்ட் அவளது வரைபடத்தின்மேல் மெல்லிய தாளை விரித்து, பேசிக்கொண்டே வரைகிறார். ஒவ்வொரு கோடும் எதிர்பாராத விளைவொன்றைக் காட்டுகிறது. அவ்விளைவுக்கு அடுத்த கோடு விடை சொல்கிறது. சூழலோடு நிகழும் உரையாடல் என்று ஷோன் இதனை விளக்கினார். கப்ரியேலா கோல்ட்ஷ்மிட் 1991இல் எழுதிய கட்டுரை இதை இன்னும் நுணுக்கியது. வரைபவர் தம் கோட்டை ஒருகணம் இன்னதெனவும் மறுகணம் வேறொன்றாகவும் மாறி மாறிக் காண்கிறார். அந்த ஊசலாட்டத்தில் வடிவம் பிறக்கிறது என்பது அவர் முடிவு. மைக்கேல் கிரேவ்ஸ் 2012இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதியபோது, வரைதலைக் குறிப்பு வரைவு, ஆயத்த வரைவு, உறுதி வரைபடம் என மூன்றாகப் பிரித்து, கணினி பறித்துக்கொள்ளக் கூடாதவை முதல் இரண்டுமே என்றார்.

இக்கருத்துகள் வலுவானவை. வரைதலை அலங்காரத் திறமையாக மட்டும் கண்ட பழைய பார்வையை இவை உடைத்தன. ஆயினும் மூவரும் சொல்லாமலே ஏற்றுக்கொண்ட ஓர் அடிப்படை உண்டு: வரைவு என்பது கட்டடத்திலிருந்து விலகி, சிறிதாக்கப்பட்டு, வேறொரு பரப்பில் நிகழ்வது. அந்த விலகலால்தான் பிழை மலிவாகிறது. தாளில் ஒரு சுவரை நகர்த்த ஒரு நொடி போதும். கோடு மங்கலாக இருப்பதால் பல பொருள் தருகிறது. தாள் எஞ்சுவதால் மறுநாளும் பார்க்க முடிகிறது. பிழை மலிவாதல், கோடு பல பொருள் தருதல், தடம் எஞ்சுதல் ஆகிய மூன்றும் ஒரே தாளில் அமைந்துவிட்டது ஐரோப்பிய வரலாற்றின் ஒரு நிகழ்வு. மூன்றும் எங்கும் சேர்ந்தே வரவேண்டும் என்பதில்லை. தமிழ் மரபில் முதலிரண்டும் உண்டு, மூன்றாவது பெரும்பாலும் இல்லை. அவை இருந்த இடங்களை அடுத்து வரும் பகுதிகள் காட்டும்.

ஒரு பாட்டில் இரு கோடுகள்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளால் ஆனது. நக்கீரர் பாடிய இப்பாட்டில் அரண்மனை எழும் முறை கூறப்படுகிறது. நண்பகலில் நட்ட இரு கோல்களின் நிழல் எப்பக்கமும் சாயாத பொழுதைப் பார்த்து, கட்டட நூல் அறிந்தோர் கயிறு பிடித்துத் திசை குறித்து, மன்னர்க்கு ஏற்ற மனை வகுத்தனர் என்பது செய்தி. தமிழில் கட்டட வடிவமைப்பைக் காட்டும் தொன்மையான விவரணைகளுள் இது முதன்மையானது. அறிஞர் பலர் விரிவாக ஆராய்ந்ததும்கூட. ஆனால் அதே பாட்டின் பிற்பகுதியில் தலைவனைப் பிரிந்த அரசி அணிகலன் களைந்து இருக்கும் நிலைக்கு உவமையாக வரும் ‘புனையா ஓவியம்’ என்னும் தொடரை இதனோடு சேர்த்துப் படித்தவர் குறைவு. வண்ணம் ஏற்றாமல் கோட்டளவில் நிற்கும் சித்திரம் என்பது உரைவழிப் பொருள். மணிமேகலையிலும் இத்தொடர் பயில்கிறது. இன்று நாம் ஸ்கெட்ச் என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை.

ஆகவே வண்ணத்துக்கு முந்தைய கோட்டை, ‘இன்னும் முடியவில்லை’ என்ற நிலையிலேயே அழகுடையதாகக் காணும் கண் அன்றைய தமிழ்ச் சமூகத்துக்கு இருந்தது; உவமையாகும் அளவுக்கு அது பழகியும் இருந்தது. ஆனால் பாட்டில் அந்தக் கோடு ஓவியனுடையது. மனை வகுப்போன் கையில் இருப்பது கயிறு. ஒரே பாட்டுக்குள், ஒரே அரண்மனைக்குள் இருந்தும் இவ்விரு கோடுகளும் சந்திக்கவில்லை. ஓவியன் சுவரிலும் துணியிலும் எழுதினான். மனை வகுத்தவன் நிலத்தில், கட்டடத்தின் முழு அளவிலேயே எழுதினான்.

‘நூல்’ என்னும் சொல்லே இங்குத் துணை நிற்கிறது. அது ஏட்டையும் குறிக்கும், இழையையும் குறிக்கும். மரத்தின் கோணலைத் தச்சன் நீக்கப் பயன்படும் நூலோடு, மனத்தின் கோணலை நீக்கும் நூலை ஒப்பிட்டுச் சொல்கிறது நன்னூல். இன்றும் கொத்தனார் சுவர் எழுப்புமுன் ‘நூல் பிடித்துப் பார்’ என்கிறார். கயிறு பிடித்தபின் மனைக்குரியவர் உள்ளே நின்று பார்ப்பதும், ‘இந்த அறை சின்னதாகத் தெரிகிறது’ என்பதும், முளைக்குச்சி பிடுங்கி நடப்படுவதும் கிராமத்தில் எவரும் கண்டிருக்கக்கூடிய காட்சி. குவிஸ்ட் தாளில் செய்தது இதுவே. கோடு பதில் சொல்கிறது, வரைபவர் திருத்துகிறார். பிழையும் மலிவானதே, ஒரு முளைக்குச்சியின் விலைதான். எஞ்சாமல் போவது ஒன்றே வேறுபாடு. கடைக்கால் தோண்டியதும் கயிறு சுருட்டப்படுகிறது.

இவ்விடத்தில் கோலத்தையும் சான்றாக இழுப்பது வழக்கம். புள்ளியும் கோடும் தரையில் இருப்பதாலேயே அது கட்டட வரைவு ஆகிவிடாது. அந்த எளிய ஒப்புமையை இக்கட்டுரை தவிர்க்கிறது.

எண்ணில் நிகழும் திருத்தம்

சிற்பநூல்கள் எல்லாவற்றையும் விதித்துவிட்டன. தபதி அவற்றை நிறைவேற்றுபவர் மட்டுமே என்ற கருத்து இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. மரபைப் போற்றுவோரும் குறைத்து மதிப்பிடுவோரும் இதில் ஒன்றுபடுவது வியப்பு. மயமதமும் மானசாரமும் தரும் பதவிந்நியாசங்கள் 32. அவற்றுள் 64 கட்டங்கள் கொண்ட மண்டூகமும் 81 கட்டங்கள் கொண்ட பரமசாயிகமும் பெருவழக்கானவை. கட்டத்தைக் காட்டி ‘இதுவே வரைபடம்’ என்று எழுதும் கட்டுரைகள் பல. கட்டம் வரைவைத் தாங்கும் பலகை போன்றது. அதனிடம் ஐயம் இல்லை, ஆகவே திருத்தமும் இல்லை. தபதியின் ஐயம் வேறிடத்தில் இருக்கிறது: ஆயாதிக் கணக்கில்.

ஒரு கட்டடத்தின் அளவை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கி இன்னொன்றால் வகுத்து, மீதியைக் கொண்டு நன்மை தீமை காண்பது ஆயாதி. ஆயத்துக்கு 8ஆல் பெருக்கி 12ஆல் வகுப்பர். வியயத்துக்கு 9ஆல் பெருக்கி 10ஆல் வகுப்பர். யோனிக்கு 3ஆல் பெருக்கி 8ஆல் வகுப்பர். யோனி ஒற்றைப்படையாக வரவேண்டும். வரவாகிய ஆயம் செலவாகிய வியயத்தை விஞ்ச வேண்டும். எந்த வாய்பாட்டை நீளத்துக்குப் பொருத்துவது, எதை அகலத்துக்கோ சுற்றளவுக்கோ பொருத்துவது என்பதில் நூல்கள் வேறுபடும். விளக்கத்துக்காக ஒரே சுற்றளவைக் கொள்வோம். தபதி மனத்தில் 60 முழம் இருக்கிறது. யோனி மீதி 4, இரட்டைப்படை, ஆகாது. 61 முழமாக்கினால் யோனி 7, நன்று. ஆனால் ஆயம் 8, வியயம் 9, செலவு மிகுகிறது. 62இல் யோனி மீண்டும் இரட்டை. பின்னோக்கி 59க்கு வந்தால் யோனி 1, ஆயம் 4, வியயம் 1. அளவு நிற்கிறது.

இந்த விதிகளின் நம்பிக்கைப் பகுதியை ஏற்கவேண்டியதில்லை. செயல்முறையை மட்டும் பார்த்தால், ஒரு முன்மொழிவு, ஒரு மறுப்பு, சற்று நகர்த்திய இன்னொரு முன்மொழிவு எனச் செல்லும் உரையாடல் இங்கும் தெரிகிறது. ஒவ்வொரு முழம் கூடும்போதும் சுவரும் தூணும் இடைவெளியும் மாறுகின்றன என்பதால், எண்ணை நகர்த்துவது வடிவத்தை நகர்த்துவதே ஆகும். விதி ஒரே விடையை இறக்கி வைப்பதில்லை. பொருந்தும் பல அளவுகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பைத் தபதியிடமே விடுகிறது.

சுவாமிமலையில் செப்புத் திருமேனி செய்வோரின் ஒடியோலை இதைவிட நுட்பமானது. செய்யவேண்டிய திருமேனியின் உயரத்துக்குத் தென்னங்கீற்று ஒன்றை நறுக்கி, தாளக் கணக்குப்படி மடிப்பர். உத்தம தசதாளத்தில் மொத்தம் 124 அங்குலம், நவதாளத்தில் 108. இங்கு அங்குலம் என்பது விரற்கடையோ அடிக்கோலின் அங்குலமோ ஆகாது. அந்தத் திருமேனியின் உயரத்துக்குள்ளேயே பிறக்கும் அலகு. மடிப்புத் தழும்புகள் முகம், கழுத்து, மார்பு, உந்தி, முழங்கால் என எல்லைகளைச் சொல்லும். அந்தக் கீற்றை வைத்தே மெழுகில் உரு எழுகிறது. ஒரு கோடும் இல்லாமல் மடிப்பால் மட்டும் ஆன வரைவு இது.

வேலை நின்ற இடம்

வரைவுகள் எஞ்சிய இடங்கள் இந்தியாவில் இல்லாமல் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் போச்பூரில், 11ஆம் நூற்றாண்டின் பரமார மன்னன் போசனுடையதாகக் கொள்ளப்படும் சிவன் கோயிலைச் சூழ்ந்த பாறைகளில் தரைப்படங்களும் தூண்களும் சிகரங்களும் கோட்டளவில் கீறப்பட்டுள்ளன. ஆடம் ஹார்டி 2015இல் வெளியிட்ட நூலில் இவற்றைச் சமராங்கண சூத்திரதாரத்தோடு இணைத்து ஆராய்ந்தார். போச்பூர்க் கோயில் முடிவடையாமல் நின்றுபோன கோயில்.

மாமல்லபுரத்திலும் இதுவே நிலை. பிடாரி இரதங்கள், வலையன்குட்டை இரதம், முடிவுறாத குடைவரைகள் ஆகியவற்றில் பாறையைச் சதுரங்களாகப் பிரித்து உளி வெட்டிச் சென்ற தடங்களும், மேலிருந்து கீழாக வேலை இறங்கிய ஒழுங்கும் தெளிவாகத் தெரிகின்றன. ஐந்து இரதங்களின் முடிந்த பகுதிகளில் அத்தடங்கள் இல்லை. அடுத்த உளி அவற்றைத் தின்றுவிட்டது. கல்லில் செங்காவிக் கோடு இழுத்துச் செதுக்கும் எந்தப் பட்டறையிலும் இதுவே நடக்கிறது. கோடு எங்கே உள்ளதோ அங்கேதான் உளி விழும். நல்ல கோடாக இருந்தால் முதலில் அழிவது அதுவே.

எனவே வரைவு எஞ்சியிருப்பது, வேலை நின்றுவிட்டது என்பதன் அடையாளம். வேலை முற்றினால் வரைவு கட்டடமாகவே மாறிவிடுகிறது. கேசவப்பெருமாளின் கோடு கிடைக்காமைக்கு அவர் கோடு இழுக்காதது காரணமாக இருக்க வேண்டியதில்லை. கோபுரம் முடிந்தது என்பதே போதிய காரணம். இதற்கு மாறாக வரைவேடு, கோட்டை வேலையிலிருந்து பிரித்து வேறிடத்தில் காப்பாற்றுகிறது. லெ கொர்பூசியேயின் 1914 முதல் 1964 வரையிலான ஏடுகள் நான்கு தொகுதிகளாக அச்சாகியுள்ளன. சண்டிகர் எழுந்த ஆண்டுகளும் அவற்றுள் அடங்கும். அங்கு ஏடு ஒரு தனிப் படைப்பாகவே வாழ்கிறது.

இந்த வேறுபாட்டை மரபின் பெருமையாக மாற்றிக்கொள்வதற்கு இக்கட்டுரை உடன்படவில்லை. தடம் அழிவதில் உண்மையான இழப்பு உண்டு. பெட்ராவின் தவறான ஆறு வகுப்பறைகள் தாளில் எஞ்சியமையால்தான், ‘ஏன் மாற்றினாய்’ என்று கேட்க முடிந்தது. பட்டறையில் மாணாக்கன் பார்ப்பது ஆசானின் இறுதிக் கோட்டை. ஆசான் மனத்தில் தள்ளிய நான்கு கோடுகளை அவன் பார்ப்பதில்லை. சரியானதைச் செய்யக் கற்கிறான்; அது ஏன் சரி என்பதைக் கற்க இருபது ஆண்டு ஆகிறது, சில வேளை கற்காமலே போகிறது. கோயிற்கலை வரலாற்றில் ‘மரபு மாறாமல்’ என்ற சொல் இவ்வளவு மிகுந்து வழங்குவதற்குத் தள்ளப்பட்ட மாற்றுகள் கண்ணுக்குத் தெரியாமையும் ஒரு காரணம்.

தாளுக்கு வந்த தமிழ்க் கட்டடக்கலை

திராவிடக் கட்டடக்கலை அச்சுத் தாளுக்கு வந்தது 1834இல், ராம் ராஸ் எழுதி அவர் மறைவுக்குப் பின் இலண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி வெளியிட்ட நூல்வழி. தஞ்சாவூரில் பிறந்த அவர் வடமொழிச் சிற்பநூல்களைத் தொகுத்து, விமானமும் கோபுரமும் தூணும் 48 படங்களாக அமையச் செய்தார். நேர்த்தியான படங்கள் அவை. ஆனால் அவற்றில் ஒரு கோடும் தயங்கவில்லை. கிரேவ்ஸின் பகுப்பில் அவை முழுக்க உறுதி வரைபடங்கள். கிரேக்கத் தூண் முறைகளுக்கு நிகராக இந்தியத் தூண் முறைகளும் உண்டெனப் பிறர்க்குக் காட்டுவதே நோக்கம் என்பதால் தயக்கத்துக்கு அங்கு இடமில்லை.

புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய் செய்தது வேறு. 1914இல் பிரெஞ்சில் வந்த தம் தென்னிந்தியத் தொல்லியல் நூலுக்காக அவர் வாழும் தபதியரை நாடினார். கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரில் திருப்பணி செய்துகொண்டிருந்தோரிடம் உறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்தார். கூடு, போதிகை, கும்பபஞ்சரம் எனத் தொழிற்சொற்கள் ஆய்வுச் சொற்களானது இதன்வழியே. போதிகையின் விளிம்புக்கோட்டை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து, பல்லவர் முதல் நாயக்கர் வரையிலான கால வரிசையை அவர் நிறுவிய முறை இன்றும் களப்பயணத்தில் நமக்கு உதவுகிறது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. தபதியரின் வாய்மொழியை வாங்கிக்கொண்ட நூல், அவர்கள் வரையும் செயலை ஆராயவில்லை. போதிகை, காலம் காட்டும் ஓர் அடையாளமாகச் சுருங்கியது. மேலே உள்ள உத்திரத்தின் பாரத்துக்கும் கீழே உள்ள தூணின் பருமனுக்கும் நடுவே தபதி ஒவ்வொரு முறையும் காணும் தீர்வு அது என்பது பின்தங்கியது. நூறாண்டுகளுக்குப் பின்னும் நம் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் போதிகைப் படங்கள் பெரும்பாலும் இவ்வாறே வருகின்றன. அவர் பின்பற்றிய வரிசையை எடுத்துக்கொண்டோம். பட்டறை வாசலில் அவர் நின்று கேட்டதை விட்டுவிட்டோம்.

விருத்தாசலம்: சுருங்கும் அளவு

விருத்தாசலத்துக்கு இன்று வெளியூரில் உள்ள அடையாளங்கள் இரண்டு: மணிமுத்தாற்றங்கரையில் செம்பியன் மாதேவி 10ஆம் நூற்றாண்டில் கற்றளியாக்கிய பழமலைநாதர் கோயில், மற்றொன்று பீங்கான். பீங்கான் தொழிற்பேட்டையும் அரசின் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும் உள்ள ஊர் இது. மின் பியூஸ் கட்டைகளும் பொம்மைகளும் கார்த்திகைக்கான அகல்விளக்குகளும் இங்கிருந்து செல்கின்றன. கட்டடக்கலை வரைவைப் பற்றிய கட்டுரையில் பீங்கானுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வரைவுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் தொழில் வேறொன்று இல்லை என்பதே விடை.

பீங்கான் களிமண் உலரும்போது ஒருமுறையும் சூளையில் வேகும்போது மறுமுறையும் சுருங்குகிறது. கலவையைப் பொறுத்து மொத்தச் சுருக்கம் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இருக்கலாம். 12 விழுக்காடு எனக் கொண்டால், முடிந்த பொருள் 100 மில்லிமீட்டர் இருக்கவேண்டுமாயின் மாதிரியை ஏறத்தாழ 113.6 மில்லிமீட்டரில் செய்யவேண்டும். அந்த மாதிரியைக் கொண்டு பிளாஸ்டர் அச்சு எடுப்பர்; அச்சில் களிக்குழம்பை ஊற்றி வார்ப்பர். எனவே மாதிரிக்கான வரைபடத்தில் உள்ள அளவு, கடைக்கு வரும் எந்தப் பொருளிலும் இல்லாத அளவு. தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் ஒரே வேகத்தில் உலராமையால், நேர்க்கோடாக வேண்டிய விளிம்பு வளைந்து வெளிவருவதும் உண்டு. அனுபவமுள்ள மாதிரியாளர் அந்த வளைவை எதிர்நோக்கி விளிம்பை மறுபக்கம் சற்றே வளைத்து வைப்பார். வேகப்போகும் மண்ணுக்கு விடப்படும் அறிவுறுத்தல்தான் இவ்வரைபடம்.

ஒடியோலையும் கயிறும் இதே இனம். இறுதித் தோற்றத்தைப் போலிருப்பது அவற்றின் கடமையன்று. செய்யும் கைக்கு அடுத்த அடி எடுத்துக் கொடுப்பதே கடமை. வரைவை ‘மனத்தில் உள்ள படத்தின் வெளிப்பாடு’ என்று விளக்கும் பாடநூல் வரையறை இங்கே உதவாது. பீங்கானும் கட்டடமும் நேராகவே சந்தித்த ஒரு முயற்சி புதுச்சேரி வட்டாரத்தில் நடந்தது. 1971இல் அங்கே டெபோரா சுமித்துடன் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை நிறுவிய ரே மீக்கர், ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் சோதனைகளால் தூண்டப்பட்டு, 1980களின் நடுவிலிருந்து பச்சை மண்கல்லால் வளைகூரை வீடுகளைக் கட்டி, உள்ளே செங்கல்லையும் மண்பொருள்களையும் அடுக்கி, வீட்டையே சூளையாக எரித்தார். உள்ளே வெந்த பொருள்களை விற்றால் எரிபொருட் செலவில் ஒரு பங்கு ஈடாகும் என்பது திட்டம். வளைகூரையின் வடிவத்தை எரிப்பே சோதிக்கும் இம்முறையில் தாள் வரைபடம் பாதித் தூரமே துணை வரும். விறகின் கணக்கும் எந்நாட்டுக் கட்டுமானத்துக்கும் உரிய செலவும் சேர்ந்து அம்முயற்சி பரவாமல் நின்றது. எனினும், வரைவு எங்கே முடிந்து பொருள் எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு அந்த வீடுகள் தரும் விடையைக் கட்டடக்கலை வகுப்பறைகள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

வரைவேடு பாடமாகும்போது

கட்டடக்கலைப் பட்டப்படிப்பில் வரைவேடு மதிப்பெண்ணுக்கு உரியதாகும்போது அதன் இயல்பு மாறுகிறது. மதிப்பிடப்படும் ஏடு பார்வைக்கு அழகாக இருக்கவேண்டும். அழகாக இருக்கவேண்டும் என்றால் தவறான பக்கம் கிழிக்கப்படும். இறுதி வடிவம் முடிந்தபின் ‘தொடக்க வரைவு’ வரையப்படும். ஷோன் எதைப் போற்றினாரோ அதுவே முதலில் மறைகிறது. பட்டறையில் உளி தின்ற கோட்டை, இங்கே மாணவரின் அச்சம் தின்கிறது. ஏட்டை வாங்கும் ஆசிரியர் முடிந்த பக்கங்களைக் காட்டிலும் தள்ளப்பட்ட பக்கங்களைக் கேட்டு வாங்கினால் இது மாறும். அதற்குத் தனிப் பாடத்திட்டமோ கருவியோ தேவையில்லை.

மரபுக் கட்டடக்கலைக்கு 1957இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய கல்லூரி, பட்டறையையும் தாளையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தது. அங்கிருந்தும் குடும்ப மரபிலிருந்தும் வந்த தபதியர் இன்று கணினியில் வரைந்து, முழு அளவில் அச்சிட்டு, கல்லின்மேல் ஒட்டிச் செதுக்கும் நிலை உருவாகியுள்ளது. செங்காவிக் கோடு கல்லோடு போனது. கணினிக் கோப்பில் ஒவ்வொரு திருத்தமும் எஞ்ச முடியும். தமிழ்க் கட்டட வரலாற்றில் முதன்முறையாகத் தபதியின் தள்ளிய கோடு காக்கப்படக்கூடிய காலம் இது. ஆனால் கோப்பைச் சேமிப்போர் இறுதிப் பதிப்பை வைத்துக்கொண்டு முந்தையவற்றை நீக்கிவிடுவதே வழக்கம்.

பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை குடமுழுக்கு என்னும் வழக்கம் இருப்பதால், தமிழகத்தில் எந்த ஆண்டிலும் எங்கோ ஒரு கோபுரத்தில் சாரம் கட்டியிருக்கும். சாரத்தின்மேல் சுதைக்காரர் செங்கல்லில் கரிக்கோடு இழுத்து, அழித்து, மீண்டும் இழுக்கிறார். மாலைக்குள் அதன்மேல் சாந்து ஏறிவிடுகிறது. தொல்லியலும் கட்டடக்கலையும் பயிலும் ஆய்வாளர் கோபுரத்துக்குப் போவது சாரம் பிரித்தபின். வண்ணமும் ஏறிய பிறகு. அந்த ஒரு பகற்பொழுதை ஒளிப்படமாகவும், ‘முதற்கோடு ஏன் பிடிக்கவில்லை’ என்ற ஒற்றைக் கேள்விக்கான விடையாகவும் பதிவு செய்யும் களப்பணி தொடங்கினால், அது சேர்க்கும் சான்று வில்லாரின் 33 இதழ்களுக்கு அஞ்சவேண்டியதில்லை.

அப்படிச் சேரும் ஆவணங்களுள் ஒடியோலையை எப்படி வைப்பது என்பது ஆவணக்காப்பகத்தார் தீர்க்கவேண்டிய நடைமுறைச் சிக்கல். உலர்ந்த கீற்று சுருண்டு நொறுங்கும். நீளமும் மடிப்பின் இடைவெளியும் அதற்குள் மாறிவிடும். பச்சையாக இருக்கும்போதே ஒவ்வொரு தழும்பின் தூரமும் அளந்து எழுதப்பட வேண்டும். எந்தத் திருமேனிக்கு, எத்தனை தாளத்தில் மடித்தது என்பதும் செய்தவர் வாய்மொழியோடு சேர வேண்டும். அது இல்லாத கீற்று வெறும் கீற்று.